பல் டாக்டர்தானா?

சென்ற ஆண்டு இந்தக் கேள்வி நமது காதிலே விழுந்த தடவைகளுக்குக் கணக்கில்லை. கேட்டவர்கள் யாரும் எதிரிகள் அல்ல. ஆலையிலே வேலை செய்கிறவர்கள், நாற்றங்காலிலே நிற்கிறவர்கள், நமது சங்கத்திலே சந்தா கட்டுகிறவர்கள் – நம்மவர்களேதான். ஏன், முதல் நாள் அந்தச் செய்தி கிடைத்தபோது நாமும் அதைத்தான் கேட்டோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

விஷயம் இதுதான். பண்ருட்டிப் பக்கத்துத் தோழர் ஒருவர், விவசாயக் கூலி. கரும்பு வெட்டுகிற காலத்தில் கரும்பு, முந்திரிக் காலத்தில் முந்திரி, மற்ற நாளில் கிடைத்த வேலை. அவருடைய மனைவி முந்திரிப் பருப்புக்குத் தோல் உரிக்கிறவர். இவர்களுடைய மூத்த பெண் அரசுப் பள்ளியிலே தமிழில் படித்து, நீட் பரீட்சை எழுதி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித ஒதுக்கீட்டிலே இடம் பெற்றுவிட்டாள். தோழர் மஞ்சக்குப்பத்திலே நமது காரியாலயத்துக்கு இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். “டாக்டருக்கா?” என்றோம். “பல் டாக்டருக்குத் தோழர்” என்றார். “ஓ, பல் டாக்டர்தானா?” என்று நமது வாய் முந்திக்கொண்டது. அவர் முகம் சுருங்கியதை இன்னும் மறக்க முடியவில்லை.

அதோடு போகவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே தோழர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை இனிப்பு இல்லை. யாரோ ஒரு பயிற்சி நிலையத்து ஆள் தொலைபேசியிலே பேசியிருக்கிறான். “பல் படிப்பை விட்டுவிட்டு ஒரு வருஷம் எங்களிடம் பயிற்சிக்கு வரட்டும். அடுத்த வருஷம் எம்.பி.பி.எஸ். நிச்சயம்” என்றிருக்கிறான். கேட்ட தொகை அந்தக் குடும்பத்தின் ஒரு வருஷக் கூலி. பெண்ணோ விடுதியிலிருந்து ஒவ்வொரு இரவும் அழுகிறாள்; பாடம் புரியவில்லை என்கிறாள். ஊரிலே சொந்தக்காரர்கள் வேறு, “பல்லுக்கா அஞ்சு வருஷம்?” என்று கேலி பேசுகிறார்கள். “என்ன செய்யட்டும் தோழர்?” என்று கேட்டார்.

பதில் சொல்ல நமக்கு என்ன தெரியும்? பள்ளி இறுதியோடு படிப்பை முடித்துக்கொண்டு சங்க வேலைக்கு வந்தவர்கள் நாம். ‘நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்’ என்றோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பத்திலே பஸ் ஏறி, பழைய நகரம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி, சிதம்பரம் இறங்கி, அண்ணாமலைநகருக்கு நடந்தோம்.

விடுதி வாசலிலே அந்தப் பெண் வந்து நின்றாள். “வாங்க சித்தப்பா” என்றாள். கையிலே ஒரு சிறு தகரப் பெட்டி. அதைத் திறந்து காட்டினாள். உள்ளே மெழுகால் செதுக்கிய பற்கள்!

முதலாண்டுப் பல் மருத்துவ மாணவரின் வாழ்க்கையிலே இந்த மெழுகுக்குத்தான் பெரும் பங்கு. சோப்புக் கட்டியைப் போல ஒரு மெழுகுக் கட்டியைக் கொடுப்பார்கள். சிறு கத்தியால் செதுக்கி அதிலிருந்து ஒரு பல்லைக் கொண்டுவர வேண்டும். ஏதோ ஒரு பல் அல்ல. மேல் வரிசையிலே நடுவில் இருக்கிற முன்பல் என்றால் தலைப்பகுதி பத்தரை மில்லிமீட்டர், வேர் பதின்மூன்று மில்லிமீட்டர், அகலம் எட்டரை. கோரைப்பல் என்றால் வேர் மட்டும் பதினேழு; வாயிலே மிக நீளமான பல் அதுதான். மேல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர், கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு. ஒவ்வொரு மேடும் பள்ளமும் அதனதன் இடத்திலே இருக்க வேண்டும். கடைசி நிமிஷத்திலே வேர் முறிந்தால் மறுபடி முதலிலிருந்து.

“இதிலே மட்டும் நான் வகுப்பிலே முன்னாலே இருக்கேன் சித்தப்பா” என்றாள். எப்படி என்று கேட்டோம். விடுமுறையிலெல்லாம் அம்மாவோடு உட்கார்ந்து முந்திரிப் பருப்புக்குத் தோல் எடுத்த கை அது. பருப்பு உடையாமல் முழுசாக வந்தால் ஒரு விலை. உடைந்தால் வேறு விலை. எவ்வளவு அழுத்தலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அந்தக் கைக்குப் பத்து வயதிலேயே தெரியும். நகரத்துப் பெரிய பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் முதல் மாதத்திலே மெழுகை முறித்துக்கொண்டிருக்க, இவளுடைய கத்தி நடுங்காமல் போயிருக்கிறது.

அழுகை மெழுகினால் அல்ல, புத்தகத்தினால். காலையிலே வகுப்பு. உடற்கூறு, உடலியங்கியல், உயிர் வேதியியல், பல்லின் அமைப்பும் வளர்ச்சியும் – எல்லாம் இங்கிலீஷில். அறுவைக் கூடத்திலே மனிதச் சடலத்தைச் சுற்றி நிற்க வேண்டும். அந்த ஃபார்மலின் நெடி கண்ணிலே நீரை வரவழைக்கும். கையைச் சோறு பிசையக் கொண்டுபோனாலும் போகாது. முதல் வாரம் அவள் சாப்பிடவே இல்லையாம். மாலையிலே ஆய்வுக் கூடம். நுண்ணோக்கியில் பார்த்ததை ரோஸ் நிறத்திலும் ஊதா நிறத்திலும் பென்சிலால் வரைந்து ‘ரிக்கார்டு’ நோட்டு முடிக்க வேண்டும். இரவு வந்தால் மறுநாள் வாய்மொழித் தேர்வுக்குப் படிப்பு. தமிழிலே ‘இதயம்’, ‘நரம்பு’ என்று பன்னிரண்டு வருஷம் படித்த பிள்ளை, ஒரே நாளிலே நூறு லத்தீன் பெயர்களை விழுங்க வேண்டும் என்றால் என்ன செய்யும்?

அவளுடைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினோம். ஓரத்திலே பென்சிலால் தமிழ் எழுதியிருந்தாள். ‘மெசியல் – நடுக்கோட்டுப் பக்கம். டிஸ்டல் – தூரத்துப் பக்கம். லிங்குவல் – நாக்குப் பக்கம். பக்கல் – கன்னத்துப் பக்கம்.’ கடைசியை மட்டும் மனப்பாடம் பண்ண வேண்டியிருக்கவில்லை என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் இந்தப் பெண் தேறிவிடுவாள் என்ற தைரியம் நமக்கு வந்தது.

ஆனால் தைரியம் மட்டும் போதாது. விதி கடுமையானது. முதலாண்டுப் பாடங்கள் அனைத்தையும் சேர்ந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் முடிக்காத மாணவரைப் படிப்பிலிருந்தே நீக்கிவிடலாம் என்று பல் மருத்துவக் கவுன்சிலின் 2007-ஆம் ஆண்டு விதிகள் சொல்லின. நாலு வருஷப் படிப்பு, ஒரு வருஷப் பயிற்சி என்ற இந்தப் பாதையிலே நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கண்டம் இருப்பது முதல் படியிலேதான். உள்ளே நுழைய ஒதுக்கீடு கொடுத்தாகிவிட்டது, இனி அவர்கள் பாடு என்று கையைக் கழுவுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். 7.5 சதவிகிதம் என்பது 2020-இல் சட்டமாக வந்தது. நீதிபதி கலையரசன் குழு சிபாரிசு செய்ததோ 10 சதவிகிதம். படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் சர்க்கார் ஏற்றுக்கொண்டது நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் மெழுகு, கத்தி, வெள்ளை அங்கி, எலும்புக்கூடு, தடித்தடியான புத்தகங்கள், ஊருக்குப் போய்வர பஸ் செலவு – இவையெல்லாம் கட்டணத்திலே சேர்த்தியா? அந்தத் தோழர் முதல் மாதத்திலேயே மனைவியின் தோட்டை அடகு வைத்திருக்கிறார். நம்மிடம் சொல்லவில்லை. பெண்தான் சொன்னாள்.

அண்ணாமலைநகர் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பல்கலைக் கழகம் 1929-இல் தோன்றியது. ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980-இல். 2013-இல் சட்டம் கொண்டுவந்து பல்கலைக் கழகத்தைச் சர்க்கார் தன் பொறுப்பிலே எடுத்துக்கொண்டது. சர்க்கார் எடுத்தால் சர்க்கார் கட்டணம்தானே இருக்க வேண்டும்? இல்லை! எம்.பி.பி.எஸ். படிப்புக்கு வருஷத்துக்கு ஐந்து இலட்சத்துக்கு மேல். பல் மருத்துவத்துக்கு மூன்று இலட்சத்துக்கு மேல். சென்னையில் உள்ள அரசுக் கல்லூரியிலே சில ஆயிரம், இங்கே இலட்சம். ஒரே சர்க்கார், இரண்டு தராசு! ஏழு வருஷம் இது நடந்தது. 2020 டிசம்பரிலே மாணவர்கள் உட்கார்ந்தார்கள். ஐம்பது நாட்களுக்கு மேல் உட்கார்ந்தார்கள். கல்லூரியை மூடி, விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள், மாணவர்கள் மறுத்தார்கள். பகலெல்லாம் கோஷம், இரவிலே மெழுகுவர்த்தி. 2021 ஜனவரிக் கடைசியிலே கல்லூரிகளைச் சுகாதாரத் துறைக்கு மாற்றி உத்தரவு வந்தது. பிப்ரவரியிலே மற்ற அரசுக் கல்லூரிகளின் கட்டணமே இங்கும் என்று நிர்ணயித்தார்கள்: எம்.பி.பி.எஸ்.ஸுக்கு 13,610 ரூபாய், பல் மருத்துவத்துக்கு 11,610 ரூபாய்.

மூன்று இலட்சம் எங்கே, பதினோராயிரம் எங்கே! ஒதுக்கீட்டிலே வராத எத்தனையோ நெசவாளர் வீட்டு, ஆட்டோ ஓட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைகள் இன்று அந்த வகுப்பிலே உட்கார்ந்திருப்பது இந்த ஐம்பது நாட்களின் பலன். அந்த நாட்களிலே நமது சங்கங்கள் அனைத்தும் அந்த வாசலிலே போய் நின்றனவா என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டால், போனவர்களும் உண்டு, ‘டாக்டர் பிள்ளைகள் சண்டை, நமக்கென்ன’ என்று இருந்தவர்களும் உண்டு என்பதே உண்மை. நமக்கென்ன என்பதற்குப் பதிலை அந்தத் தகரப் பெட்டியிலே பார்த்தோம்.

பெட்டியிலே மெழுகுப் பற்களுக்குக் கீழே ஒரு சிறு கண்ணாடிச் சீசா. அதிலே நிஜப் பற்கள். பிடுங்கிய பற்கள் கிடைக்குமா என்று முதலாண்டு மாணவர்கள் பல் டாக்டர்களிடம் கேட்டுத் திரிவார்களாம். பார்த்துப் படிக்க வேண்டுமல்லவா? “உங்க சங்கத்திலே யாராவது பல் எடுத்தா எனக்கு வாங்கிக் குடுங்க சித்தப்பா” என்றாள். வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். சிலவற்றிலே பாதிப் பல் சொத்தை. சிலவற்றிலே புகையிலைக் கறை வேர் வரைக்கும். அதிகமாக இருந்தவை எல்லாம் ஒரே பல் – முதல் கடைவாய்ப்பல்.

காரணம் சொன்னாள். அந்தப் பல் ஆறு வயதிலே முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமலே, பால்பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்கிறது. அதனால் தாய் தகப்பன் அதையும் பால்பல் என்று நினைக்கிறார்கள். சொத்தை விழுந்தால் ‘விழுந்து முளைக்கிற பல்தானே’ என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் முளைக்காது. பால்பல் இருபது, நிலையான பல் முப்பத்திரண்டு. இது முப்பத்திரண்டிலே சேர்ந்தது. பல்லின் மேற்பூச்சான எனாமல் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அதைக் கட்டிய உயிரணுக்கள் பல் வெளியே வந்ததும் மறைந்துபோகின்றன. எலும்பு முறிந்தால் சேரும், தோல் கிழிந்தால் ஆறும், எனாமலிலே ஓட்டை விழுந்தால் உடம்பு அதை அடைப்பதில்லை.

வாசகத் தோழர்களே, உங்கள் வீட்டிலே ஆறேழு வயதுக் குழந்தை இருந்தால் இன்றிரவு அதன் வாயைத் திறந்து பாருங்கள். நாமும் பார்த்தோம். நாற்பது வயதுக்கு மேலாகி இதைத் தெரிந்துகொண்டதற்காக வெட்கப்பட்டோம்.

பல் என்பது பணக்காரன் சிரிப்புக்கான சாமான் என்று யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தது? பல் டாக்டர் என்றால் நகரத்திலே கண்ணாடிக் கதவு போட்ட அறை. நமக்கு இலவங்க எண்ணெயும் உப்புத் தண்ணீரும். பொறுக்க முடியாமல் போனால் பிடுங்குவது. (அந்த இலவங்க எண்ணெயின் சத்தைத்தான் துத்தநாகப் பொடியோடு குழைத்து டாக்டர்களும் பல்லுக்குள்ளே வைக்கிறார்களாம். ஆய்வுக் கூடத்திலே முதல் நாள் அந்த வாசனை வந்ததும் அவளுக்குப் பாட்டி ஞாபகம் வந்ததாம்.) ஆனால் உழைக்கிறவன் வாய்க்கும் அவன் தொழிலுக்கும் உள்ள சம்பந்தம் சிறியதல்ல. அமில ஆவியிலே வேலை செய்கிறவர்களுடைய முன்பற்கள் கரைந்து குட்டையாகும். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்திலே தண்ணீரிலே ஃபுளோரைடு மிகுந்து, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் பற்களிலே பழுப்புக் கறை ஏறியது. அது பல் தேய்க்காத குற்றம் அல்ல, நல்ல தண்ணீர் கொடுக்காத குற்றம்.

இதிலே ஒரு சரித்திரமும் உண்டு. லண்டனிலே பிரையன்ட் அண்டு மே என்ற தீப்பெட்டித் தொழிற்சாலை. அங்கே வெள்ளைப் பாஸ்பரசிலே வேலை செய்தவர்களுக்கு முதலில் பல்வலி வரும். பல்லைப் பிடுங்குவார்கள். வலி நிற்காது; தாடை எலும்பே அழுகி, சீழ் வடிந்து, முகம் சிதைந்துபோகும். 1888-இல் சுமார் 1,400 பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். அபராதமும் கூலி வெட்டும் எதிர்த்த வேலை நிறுத்தம்தான் அது. ஆனால் உலகத்தின் கண் அந்தத் தாடைகளின் பக்கம் திரும்பியது. அதைப் பத்திரிகையிலே எழுதியவர், பின்னாளில் நமது அடையாற்றுக்கு வந்து சேர்ந்த அன்னி பெசன்ட் அம்மையார். 1906-இல் பெர்ன் நகரத்து ஒப்பந்தம் வெள்ளைப் பாஸ்பரசைத் தடுத்தது. இந்தியாவிலும் 1913-இல் தடைச் சட்டம் வந்தது. பல்வலி என்று வந்த பெண்ணின் வாயைப் பார்த்து, இது பல் சொத்தை அல்ல, தொழிற்சாலையின் வேலை என்று கண்டுகொள்ளத் தெரிந்த கண்ணும், அதைச் சொல்லத் துணிந்த வாயும் ஒரு டாக்டருக்கு வேண்டும். அந்தக் கண் எங்கே வளரும்? முந்திரித் தோல் உரிக்கிற அம்மாவின் கறுத்த விரல்களைப் பார்த்து வளர்ந்த பெண்ணிடம் வளர வாய்ப்பு அதிகம் என்பது நமது எண்ணம். உறுதி என்று சொல்ல மாட்டோம். படித்து முடித்தபின் வர்க்கம் மாறிப்போனவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம்.

சரி, படித்து முடித்து வேலை எங்கே? இது நியாயமான கேள்வி; இதைக் கேட்கிறவர்களை நாம் கோபிக்கவில்லை. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-இல் கல்கத்தாவிலே டாக்டர் ரஃபியுத்தீன் அகமது தொடங்கினார். பல் மருத்துவர் சட்டம் 1948-இல் வந்தது. சென்னையின் அரசுக் கல்லூரி 1953-இல். அண்ணாமலைநகர் கைக்கு வந்தபின், புதுக்கோட்டையிலும் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். மற்றபடி பெரும்பாலான கல்லூரிகள் தனியாருடையவை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிலே பட்டம் பெற்று வெளியே வருகிறார்கள். இன்னொரு பக்கம், எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் மருத்துவர் உண்டா? கிடையாது. கிராமத்திலே பல்வலி, நகரத்திலே வேலையில்லாத பல் டாக்டர்! இரண்டையும் சேர்த்து வைக்க நாற்காலியும் சம்பளமும்தானே தேவை? ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு பல் மருத்துவர் என்பதை நமது விவசாயத் தொழிலாளர் சங்கம் கூலிக் கோரிக்கையோடு சேர்த்து வைக்க வேண்டும். ஆலைத் தொழிலாளிக்காவது இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது, அதிலே பல் வைத்தியமும் உண்டு என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. வயலிலே நிற்கிறவனுக்கு அந்த அட்டையும் இல்லை.

எம்.பி.பி.எஸ். ஆசை தப்பு என்று நாம் சொல்லவில்லை. 1,200-க்கு 1,176 மதிப்பெண் எடுத்த சுமை தூக்கும் தொழிலாளியின் மகள், குழுமூர் அனிதாவை 2017-இல் நாம் பறிகொடுத்தோம். அந்தக் கதவை அடைத்தது யார் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அதை நாம் விடவும் போவதில்லை. ஆனால் அந்த வழக்கைக் காட்டி, கையிலே கிடைத்த படிப்பை விடச் சொல்லி, ஒரு வருஷக் கூலியைப் பறிக்கிற பயிற்சி வியாபாரிக்கு நாம் தரகு வேலை பார்க்க முடியாது.

திரும்பி வந்து தோழரிடம் நமது அபிப்பிராயத்தைச் சொன்னோம்: பெண் அங்கேயே இருக்கட்டும். தோட்டை மீட்கச் சங்கத்திலே வசூல் செய்தோம். ஆலைவாயில் உண்டியலிலே விழுந்தது பாதிக்குத்தான் வந்தது, மீதிக்கு இரண்டு ஆசிரியர் தோழர்கள் கை கொடுத்தார்கள். இங்கிலீஷ் பாடத்துக்கு மூத்த மாணவி ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைகளிலே இவளோடு உட்காருகிறாள். முதல் உள்தேர்விலே இரண்டு பாடத்திலே தவறியவள், அடுத்ததிலே ஒன்றிலே தவறினாள். வருஷத் தேர்வு இனிமேல்தான். மஞ்சக்குப்பத்திலே பிறந்த ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஞானபீடம் வரைக்கும் போனார் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தோம். “அவருக்கு உயிர் வேதியியல் இல்லையே சித்தப்பா” என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

போன மாதம் விடுமுறைக்கு வந்தவள் தகப்பனாரை வெளிச்சத்திலே உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொல்லியிருக்கிறாள். அவர் முப்பது வருஷமாகப் புகையிலையை இடது கன்னத்திலே அடக்குகிறவர். அந்த இடத்திலே ஒரு வெள்ளைத் திட்டு. “அது என்ன?” என்று கேட்டாராம். “நான் முதல் வருஷம்தாம்ப்பா, எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா இதைப் பெரியவங்க பார்க்கணும்” என்றிருக்கிறாள். அதோடு நமக்கும் தொலைபேசியிலே சொல்லிவிட்டாள். தோழர் முதலில் மசியவில்லை. வலியில்லையே என்றார், கரும்பு வெட்டு நடக்கிறது என்றார். கடைசியிலே, பெண் படிக்கிற படிப்பை அப்பனே நம்பாவிட்டால் ஊர் எப்படி நம்பும் என்று கேட்டதும் எழுந்தார்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு அவரோடு கடலூர் அரசு ஆஸ்பத்திரி வரிசையிலே நின்றோம். பல் பிரிவுக்குச் சீட்டு வாங்கியபின், இடுப்பு மடிப்பிலிருந்து புகையிலைப் பொட்டலத்தை எடுத்து நமது கையிலே கொடுத்து, “இதைக் கொஞ்சம் வைத்திருங்கள் தோழர்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.